வெள்ளிக்கிழமைப் போத்தல்கள்

நான் மம்மியைத் தொட்டதில்லை. கண்டதும் ஒரே ஒரு முறை. அதுவும் எல்லாரையும் போல நுழைவுச்சீட்டு எடுத்து, நூதனசாலைக் கண்ணாடிக்கு வெளியே நின்று கண்டது. இதை முதலே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இங்கே ஜேர்மனியில், பீலெஃபெல்டில் கலியாண வீடு, பானில் பிறந்தநாள் என்று எங்கே போனாலும் யாராவது ஒரு பிள்ளை வந்து, "மாமா, நீங்கள் மம்மி வெட்டினனீங்களாமே?" என்று கேட்கிறது. வெட்டவில்லை. போத்தல் கழுவினேன். இருபத்திரண்டு வருடம் கழுவினேன். போன மாதம் கேட்ட பிள்ளை இரசாயனம் படிக்கிறது. "அப்ப கழுவினதையே எழுதித் தாங்கோ, சங்கத்தின்ர மலருக்குப் போடுவம்" என்றது. எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். அகதி முகாமில் இருந்தேன். பிறகு ஓர் இத்தாலியன் கடையில் கோப்பை கழுவினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பான் நகருக்கு வெளியே ஓர் ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கழுவத் தெரியும் என்ற நினைப்பில்தான் போனேன்.

அங்கே பழைய பொருட்களை ஆராய்ந்தார்கள். பழைய ஓவியத்தின் சாயம், மண்பானைக்குள் ஒட்டிய தார், இப்படி. அந்த வருடங்களில் கூடுதலாக வந்தது எகிப்திய மம்மிகளில் பூசிய பூச்சு. அந்தக் காலத்தில் செத்த உடலில் எண்ணெய், மெழுகு, மரப்பிசின் எல்லாம் பூசித் துணியால் சுற்றி வைத்திருக்கிறார்கள். எந்த எண்ணெய், எந்த மரம் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. நூதனசாலைகளிலிருந்து சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் கறுப்புத் துணுக்குகள் வரும். எள்ளளவுதான் இருக்கும். பார்த்தால் அடிப்பிடித்த சர்க்கரைப்பாகு போல இருக்கும். அதைக் கரைத்து இயந்திரத்துக்குள் விடுவார்கள். இயந்திரம் அதை ஆவியாக்கி, மெல்லிய நீளக் குழாய் வழியாக அனுப்பும். ஒவ்வொரு பொருளும் தன் தன் நேரத்துக்கு வெளியே வரும். வரும்போது கடதாசியில் ஒரு கூர் எழும்பும். தேன்மெழுகுக்கு ஒரு வரிசை, பைன் மரப் பிசினுக்கு ஒரு கூட்டம். எனக்கு அந்தக் கூர்களை வாசிக்கத் தெரியாது. ஆனால் நல்ல கடதாசி எது, கெட்ட கடதாசி எது என்று போகப் போகப் பிடிபட்டது.

பொறுப்பில் இருந்தவரை எல்லாரும் ஃப்ரௌ டொக்டர், டொக்டர் அம்மா, என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ஐம்பது வயது இருக்கும். உயரமான மனுசி. என்னைப் போலவே பேச்சுக் குறைவு. பேசியது ஜேர்மன் மொழியில். எனக்கு விளங்கியதை என் தமிழில் எழுதுகிறேன்.

முதல்நாள் ஒரு குடுவையைத் தந்து கழுவச் சொன்னார். மினுங்க மினுங்கக் கழுவிக் கொடுத்தேன். அவர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சுத்தமான சின்னப் போத்தல் ஒன்றை எடுத்து, "உங்கள் விரலை உள்விளிம்பில் ஒருமுறை வையுங்கள்" என்றார். வைத்தேன். அதில் பசையைக் கரைக்கிற திராவகம் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, அந்தச் சொட்டை இயந்திரத்துக்குள் விட்டார். ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். கடதாசி வந்தது. கூர்கள் காடு போல நின்றன. அதை என் முன்னால் வைத்தார்.

"இது நீங்கள்" என்றார்.

என் பயிற்சி அவ்வளவுதான். மிச்சம் செய்து பழகினது.

கழுவுகிற முறையைச் சொல்கிறேன். சுடுதண்ணீரில் சவர்க்காரம். பிறகு குழாய்த் தண்ணீரில் ஏழு அலசல். வடித்த தண்ணீரில் மூன்று. பிறகு இரண்டு வகைத் திராவகம். பிறகு அலுமினியத் தாளில் சுற்றி, நானூற்றைம்பது பாகையில் இரவு முழுக்க அடுப்பில். காலையில் அடுப்பு ஆறும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அடுப்புக்குள் போனால் எந்த அழுக்கும் மிஞ்சாது. ஆபத்து எடுத்த பிறகுதான். போத்தல் மூடிகள் பிளாஸ்டிக். அவை அடுப்புக்குப் போகாது. திராவகத்தில் அலசி, கையுறை போட்ட கையால் ஒவ்வொன்றாக மூட வேண்டும்.

எந்தப் போத்தலை எந்த நாள் மூடி வைத்தேன் என்பதற்கு ஒரு கொப்பி. ஃப்ரௌ டொக்டர் அதில் கண்டிப்பு. இலக்கம் எழுதி, நாளைத் தமிழில் போடுவேன். தி, செ, பு, வி, வெ. அவருக்கு வாசிக்க ஏலாது. மாற்றச் சொல்லவுமில்லை. "உங்களுக்கு விளங்கினால் போதும்" என்றார்.

அவர் ஏச மாட்டார். பிழை என்றால் அந்தக் குடுவையை என் மேசையில் தலைகீழாக வைத்துவிட்டுப் போவார். மேசையில் ஒன்றும் இல்லாவிட்டால் நல்லது என்று அர்த்தம். எழுதுவதெல்லாம் பென்சிலால். பதினொரு மணிக்கு நடைபாதையில் நின்று ஓர் அப்பிள் சாப்பிடுவார். அறைக்குள் சாப்பிடக் கூடாது என்ற சட்டம் அவருக்கும் சேர்த்துத்தான். மழை, பனி எதுவானாலும் அந்த யன்னலடியில்தான் நிற்பார். அந்த நடைபாதையில் திராவக வாசமும் அப்பிள் வாசமும் கலந்திருக்கும்.

திங்கட்கிழமைகளில் வெற்றுப் போத்தல் ஓட்டுவோம். அன்றைக்கு மூடிய போத்தலில், மம்மித் துணுக்குப் போடாமல், மற்றதெல்லாம் அப்படியே செய்து ஓட்டுவது. ஒன்றும் எழும்பாவிட்டால் நம் கை சுத்தம். என் திங்கட்கிழமைக் கடதாசிகள் நேர்கோடாக வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். ஒரு நூதனசாலையிலிருந்து ஐந்து குழாய்கள் வந்தன. ஐந்தும் ஒரே உடலிலிருந்து எடுத்தது. இரண்டு வெளித்துணியில் எடுத்தது. மூன்று உடலின் உள்ளே எடுத்தது. ஒரு மாதத்துக்குள் ஐந்தையும் ஓட்டி முடித்தார்கள். வெளித்துணியில் வழக்கமான சாமான்தான். உள்ளே எடுத்த மூன்றிலும் ஃப்ரௌ டொக்டர் எகிப்தில் எதிர்பாராத ஒரு பிசின் இருந்தது. சின்னக் கூர்கள். ஆனால் மூன்றிலும் ஒரே மாதிரி.

ஃப்ரௌ டொக்டர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். விலை கூடிய பிசினை உடலுக்குள் வைத்து, மலிவானதை வெளியில் பூசியிருக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு. மூன்று கிழமையில் ஆராய்ச்சிக்காரரின் பெரிய கூட்டம் ஒன்று. அங்கே பேசுவதென்று பெயரும் கொடுத்துவிட்டார்.

ஒப்பிட்டுப் பார்க்கவென்று அதே பிசின் ஒரு போத்தலில் வந்திருந்தது. மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"முகர்ந்து பாருங்கள்."

முகர்ந்தேன். சாம்பிராணி.

"இது என் வீட்டில் இருக்கிறது" என்றேன்.

"இருக்கும். உங்கள் பக்கத்துக் காடுகளிலிருந்து வருவதுதான்" என்றார். அவருக்குச் சந்தோசம். "மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் இது எப்படி எகிப்துக்குப் போனது? அதுதான் கேள்வி."

எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும் போல இருந்தது.

அப்போது நான் மன்னார்ப் பெடியன் பெனடிக்ட்டோடு ஓர் அறையில் இருந்தேன். அவன் ஆசுபத்திரிச் சலவையில் வேலை. நான் வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குத் தோய்ந்துவிட்டு, சாமிப் படத்துக்கு முன்னால் சாம்பிராணி போடுவேன். தமிழ்க்கடைச் சாம்பிராணி கட்டியாக இருக்கும். விரலால் நொறுக்கித் தணலில் தூவ வேண்டும். பெனடிக்ட் போர்வைக்குள் இருந்து கத்துவான். "எங்கட பாதர் கோயில்ல போடுற புகை காணாதெண்டு நீங்கள் இஞ்சையும் போடுறியளோ அண்ணை? யன்னலைத் திறவுங்கோ, செத்துப்போவன்!" திறந்தால், "குளிருது, பூட்டுங்கோ!" என்பான்.

அதே கையோடுதான் வேலைக்குப் போவேன். கழுவிவிட்டுத்தான். ஆனாலும் அதே கை.

அன்று பின்னேரம் எல்லாரும் போன பிறகு கொப்பியை எடுத்தேன். வெளித்துணிப் போத்தல்கள் இரண்டும் செவ்வாய், புதன். உள்ளே எடுத்த மூன்றின் போத்தல்களுக்கும் பக்கத்தில் ஒரே எழுத்து. வெ. வெ. வெ.

கொப்பியை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். பஸ்ஸில் ஏறவில்லை.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் ஓர் அறையில் காத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. அவர்களை எடுக்க அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டிருந்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு கடிதம்தான் மிச்சமாகக் கேட்டார்கள். வேலை நீடிக்கிறது என்ற கடிதம். எனக்கு ஃபெர்ட்ராக், வேலை ஒப்பந்தம், வருடத்துக்கு வருடம்தான். அந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கிற தாள் ஃப்ரௌ டொக்டரின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

சனிக்கிழமை பெனடிக்ட் கண்டுபிடித்துவிட்டான்.

"என்ன அண்ணை, சோறு இறங்கேல்லையோ?"

சொன்னேன். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"உங்களுக்கு விசரே? அது செத்து மூவாயிரம் வருசம். அதுவே வாய் திறக்கேல்லை, நீங்கள் ஏன் திறக்கிறியள்?"

"அவ மேடையில ஏறிப் பிழையாச் சொல்லப்போறா."

"சொல்லட்டுமன். ஆருக்கு நட்டம்? எகிப்துக்காரன் வந்து வழக்குப் போடப்போறானோ?"

எனக்கே சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"அக்காவையும் பிள்ளையளையும் நினைச்சுப் பாருங்கோ. முதல் கையெழுத்தாகட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லுங்கோ."

"பிறகு சொன்னா, ஏன் முதலே சொல்லேல்லை எண்டு கேப்பா."

"கேட்டா?"

"அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை."

"உங்களோட கதைக்கேலாது" என்றுவிட்டுக் கறியை என் பக்கம் தள்ளினான்.

ஞாயிற்றுக்கிழமை லொட்ஜுக்குப் போன் எடுத்தேன். மனைவி முதல் கேட்டது, "கையெழுத்தாச்சோ?" என்பதுதான்.

"இன்னும் இல்லை. பாப்பம்."

"பிள்ளையள் கேட்டபடி. நான் என்ன சொல்ல?"

"பாப்பம் எண்டு சொல்லு."

திங்கட்கிழமை காலை, சப்பாத்து மாற்றுவதற்கு முன்னமே அவர் கதவைத் தட்டினேன்.

"ஃப்ரௌ டொக்டர், அந்தப் பிசின் என் வீட்டிலிருந்து வந்திருக்கலாம்."

கொப்பியை விரித்து வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இது என்ன எழுத்து?"

"வெ. வெள்ளிக்கிழமை."

மூன்று இடத்திலும் தொட்டுக் காட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் என்ன செய்வேன் என்று சொன்னேன். விரலால் நொறுக்குவதையும் செய்து காட்டினேன்.

"கை கழுவுவீர்கள்தானே?"

"சவர்க்காரம் போட்டுக் கழுவுவேன்."

"பிசின் தண்ணீரில் போகாது" என்றார். எனக்குச் சொன்னதா, தனக்குச் சொன்னதா தெரியவில்லை. "கையுறை போட்டுக் காட்டுங்கள்."

போட்டேன். கையுறையின் மணிக்கட்டுப் பக்கத்தில் மட்டும் பிடித்து இழுக்க வேண்டும் என்பது அவர் சொல்லித் தந்த முறை. ஆனால் அந்தப் பெட்டிக் கையுறைகள் இறுக்கம். முதல் கைக்குப் போட்டபின், போடாத கையின் விரல்களால் நுனிகளை ஒவ்வொன்றாக அமத்திச் சரிப்படுத்துவேன். வருடக்கணக்காக அப்படித்தான். அப்படி அமத்தும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். கையிலிருந்தது கையுறையின் வெளிப்பக்கத்துக்குப் போய், அங்கிருந்து மூடிக்குப் போய், மூடியிலிருந்து மம்மிக்குப் போயிருக்கிறது.

"வேறு யாரிடமும் சொன்னீர்களா?"

"என்னோடு இருக்கிற பெடியனிடம். சொல்ல வேண்டாம் என்றான்."

"ஏன்?"

"என் ஃபெர்ட்ராக் இந்த மாதம் முடிகிறது. குடும்பம் வர வேண்டும்."

அந்தத் தாள் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"வரும் வெள்ளிக்கிழமை வீட்டில் வழக்கம் போலச் செய்யுங்கள்" என்றார். "கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பிறகு இங்கே வாருங்கள்."

அந்தக் கிழமை நீண்ட கிழமை. மேசையில் தலைகீழ்க் குடுவை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் என் அறைப் பக்கம் வரவுமில்லை. பெனடிக்ட் ஒவ்வொரு நாளும், "என்ன, துரத்திப்போட்டாவோ?" என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை தோய்ந்தேன். சாம்பிராணியை நொறுக்கினேன். தணலில் போட்டேன். ஒன்றும் கேட்காமல் கும்பிட்ட ஒரே வெள்ளிக்கிழமை அதுதான். எதைக் கேட்பது? கூர் எழும்ப வேண்டும் என்றா, எழும்பக் கூடாது என்றா? எழும்பினால் பிழை என்னுடையது. எழும்பாவிட்டால் அவர் மேடையில் சொல்லப்போவது சரி, ஆனால் நான் வீணாகக் குழப்பியவன். பெனடிக்ட் அன்றைக்கு யன்னலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பத்துப் போத்தல் வைத்தோம். ஐந்தை அவர் இடுக்கியால் மூடினார். ஐந்தை நான் வழக்கம்போல மூடினேன். மம்மித் துணுக்கு எதிலும் இல்லை. ஒன்றுக்கு ஒரு மணித்தியாலம். மற்றவர்கள் மத்தியானத்தோடு போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தோம். வெளியில் பனி கொட்டியது. அதற்கு முன், காலை பதினொரு மணிக்கு அவர் அப்பிளோடு நடைபாதைக்குப் போனார். வரும்போது பாதியை வெட்டிக் கொண்டுவந்தார். நான் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அவருடைய ஐந்தும் நேர்கோடு. என்னுடையதில் இரண்டு நேர்கோடு. மூன்றில் அந்தச் சின்னக் கூர்கள் நின்றன. எகிப்திய மம்மியின் கடதாசியில் நின்றது போலவே.

அவர் கடதாசிகளை அடுக்கினார். பென்சிலால் நாளைப் போட்டார். பிறகு தன் அறைக்குப் போய்ப் போன் எடுத்தார். கதவு திறந்தே இருந்தது. கூட்டம் நடத்துகிறவர்களோடு பேசினார்.

"என் பேச்சை எடுத்துவிடுங்கள். முடிவு பிழை... திங்கட்கிழமை மட்டும் வெற்றுப் போத்தல் ஓட்டினேன். ஒவ்வொரு நாளும் ஓட்டியிருக்க வேண்டும்... இல்லை, உதவியாளர் யாருடைய பிழையுமில்லை. என் பிழை."

நான் கழுவுகிற அறையில் நின்று கேட்டேன்.

வந்து கதவடியில் நின்றார்.

"இனி வெள்ளிக்கிழமைகளில் புகை போட மாட்டேன்" என்றேன்.

"எவ்வளவு காலமாகப் போடுகிறீர்கள்?"

"ஊரில் மனைவி போடுவா. இங்கே வந்தபிறகு நான்."

"பிறகு எதற்கு நிறுத்துகிறீர்கள்? வெள்ளிக்கிழமைகளில் கண்ணாடியைத் தொடாதீர்கள். களஞ்சியம் இருக்கிறது. கழிவுப் பீப்பாய்கள் இருக்கின்றன. அதைப் பாருங்கள்."

"அப்போ போத்தல் யார் கழுவுவது?"

தன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான்.

பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். பென்சிலால் கையெழுத்து வைக்க ஏலாது. பேனை தேடினார். என் சட்டைப் பையில் இருந்ததை வாங்கி, கழுவுகிற மேசையிலேயே வைத்து எழுதினார். ஈரமில்லாத இடம் பார்த்து வைத்தார். இரண்டு வருடம் என்று போட்டிருந்தது.

மம்மித் துணுக்கில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைப் புதன்கிழமைகளில் ஓட்டினார்கள். உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான். எண்ணெய், தேன்மெழுகு, பைன் குடும்பத்துப் பிசின். அதை அடுத்த வருடம் வேறொரு கூட்டத்தில் சொன்னார். "கைதட்டல் குறைவு" என்று அவரே வந்து சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வெற்றுப் போத்தல் ஓட்டினோம். அவர் ஓய்வு பெறும்வரை வெள்ளிக்கிழமைகளில் நான் களஞ்சியத்தில்தான்.

மனைவியும் பிள்ளைகளும் இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தார்கள். அடுத்த கிழமையே வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் குறித்து டெர்மின் தந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை. வேலைக்கடிதத்தில் ஒரு முத்திரை விடுபட்டிருந்தது. அதை வாங்க மூன்று பேரையும் ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஃப்ரௌ டொக்டர் கழுவுகிற அறையில் நின்றார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்து, தலைக்கு வலை போட்டு, குடுவைகளைச் சுடுதண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் ஆவி. எங்களைக் கண்டு தலையசைத்து, "ஐந்து நிமிடம். இன்னும் மூன்று அலசல் இருக்கிறது" என்றார். பிள்ளைகள் என் பின்னால் ஒளிந்தார்கள். மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தா. பிறகு என் பக்கம் சரிந்து மெல்லக் கேட்டா:

"இஞ்சாருங்கோ, இவ உங்களுக்குக் கீழ வேலை செய்யிறவவோ?"

"வெள்ளிக்கிழமையில மட்டும்" என்றேன்.